அத்தியாயம் 6: பட்டறையின் காற்று வடிகட்டிகள் – ஊதுவதா, மாற்றுவதா?

இயந்திரத்தை அடிக்கடி கழற்றித் துடைக்கிற ஆளைப் பொறுப்பானவர் என்று பாராட்டுவது பட்டறைகளில் வழக்கம். காற்று வடிகட்டியைப் பொறுத்தவரை அந்தச் சுறுசுறுப்பே கெடுதலாக முடியும். கவனிக்காமல் விட்டதால் கெட்ட இயந்திரங்கள் உண்டு. ஓயாமல் ஏர் ஃபில்டரை ஊதி ஊதிக் கெடுத்தவையும் அதே அளவுக்குக் கண்ணில் படுகின்றன.

புதிய காகித எலிமெண்ட்டின் நார்களுக்கு நடுவே உள்ள சந்துகள் கொஞ்சம் பெரியவை. ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தூசி அந்தச் சந்துகளில் படிந்து மெல்லிய படலமாகிறது. பிறகு வரும் நுண்தூசியைப் பிடிப்பதில் பெரும்பங்கு அந்தப் படலத்துக்கு உண்டு. அதனால் சற்றே அழுக்கான வடிகட்டி புதியதைவிட நன்றாக வேலை செய்யும். வாரந்தோறும் கழற்றி ஊதினால் படலம் போய்விடுகிறது, காகிதம் நைந்துபோகிறது, கழற்றும்போது உதிர்ந்த தூசி நேராக இயந்திரத்தின் வாய்க்குள் விழுகிறது. கேஸ்கெட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தன் வடிவத்தை இழக்கிறது.

உள்ளே போகும் தூசியில் மிகவும் கெட்டது மணல்தூசி, அதாவது குவார்ட்ஸ். சாதாரண எஃகைவிடக் கடினமானது. பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலத்தின் தடிமன் சில மைக்ரான்தான். அந்த அளவுள்ள மணல்தூசி எண்ணெயில் கலந்தால் அது அரைக்கும் பசையாகிவிடும். வளையம் தேய்ந்த கம்ப்ரசர் எண்ணெயை மேலே தள்ளும். அந்த எண்ணெய் காற்றோடு குழாயில் வரும். பெயிண்ட் அடிக்கும்போது பரப்பில் மீன்கண் போன்ற குழிகள் விழும். பெயிண்ட் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன், கம்ப்ரசரின் வாயில் இருக்கும் வடிகட்டியைத் திறந்து பாருங்கள்.

நம் ஊர்க் காற்று

வடிகட்டிப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் மணிக்கணக்கு பெரும்பாலும் சாதாரணச் சூழலுக்குக் கணக்கிட்டது. இங்கே, மலேசியாவில், மூன்று விஷயங்கள் அதை மாற்றுகின்றன.

முதலாவது புகைமூட்டம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சுமத்திராவின் கரிநிலத் தீயிலிருந்து புகை வந்து சேர்வதை எல்லோரும் அறிவோம். 2005 ஆகஸ்ட் 11 அன்று போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2015-லும் 2019-லும் பள்ளிகளை மூட வேண்டியிருந்தது. புகையின் துகள்கள் மிக நுண்ணியவை, பிசுபிசுப்பானவை. இவற்றில் ஒரு பகுதி காகிதத்தைக் கடந்தே போய்விடும். தங்கும் பகுதியோ காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும், ஊதினாலும் வராது. ஆகவே புகைமூட்டம் நீடித்த ஆண்டில், அது ஓய்ந்ததும் காகித எலிமெண்ட்டை நேராக மாற்றிவிடுவதே சரி.

இரண்டாவது, இடம். கிள்ளான் துறைமுகத்தைச் சுற்றி, பூலாவ் இண்டாவிலும் வடதுறைமுகப் பக்கத்திலும், கண்டெய்னர் லோரிகள் நிற்கும் செம்மண் திடல்களில் பறப்பது மணல்தூசி. அது உலர்ந்தது, தட்டினால் உதிரும். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவரிசைகளின் பின்சந்தில் கம்ப்ரசரை வைத்திருப்பவர்களின் சிக்கல் வேறு: உணவகச் சமையலறையின் புகைபோக்கி ஒருபுறம், குளிரூட்டிகளின் வெளிப்பெட்டிகள் மறுபுறம். சமையல் எண்ணெய் ஆவி படிந்த எலிமெண்ட் மஞ்சளாகி, விரலில் ஒட்டும். அதை எப்படி ஊதினாலும் பயனில்லை. இரண்டு மீட்டர் குழாய் போட்டு உறிஞ்சும் வாயை நிழலான, புகைபோக்கியிலிருந்து விலகிய இடத்துக்குக் கொண்டுபோனால் எலிமெண்ட்டின் ஆயுள் கூடும், மின்சாரமும் மிச்சமாகும். காற்று 3 டிகிரி குளிர்ந்திருந்தால், ஒரே மோட்டார் ஓட்டத்தில் ஏறத்தாழ 1 சதவீதம் அதிகக் காற்று கிடைக்கும். குழாய் மட்டும் கம்ப்ரசர் வாயைவிடக் குறுகலாக இருக்கக் கூடாது.

மூன்றாவது ஈரம். இதைப் பட்டறைகள் மிகக் குறைவாகவே மதிக்கின்றன. ஒரு கணக்குப் போடுவோம். 32 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 25 கிராம் நீராவி இருக்கும். நிமிடத்துக்கு 500 லிட்டர் உறிஞ்சும் கம்ப்ரசர் ஒரு மணி நேரத்தில் 30 கன மீட்டரை இழுக்கிறது. அதாவது முக்கால் லிட்டர் தண்ணீரையும் சேர்த்து இழுக்கிறது. 7 பாருக்கு அழுத்தி, டேங்கில் 35 டிகிரிக்கு ஆறியதும் அந்தக் காற்றால் 150 கிராம் நீராவியைத்தான் தாங்க முடியும். மிச்சமுள்ள அரை லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீர், மணிக்கு மணி, டேங்கின் அடியிலும் குழாயிலும் சேர்கிறது. அந்தத் தண்ணீரை வடிக்காமல், அதே காற்றால் காகித வடிகட்டியை ஊதினால் தூசி சேறாகிறது. காய்ந்ததும் அது காகிதத்தின் சந்துகளை நிரந்தரமாக அடைக்கிறது. காலையில் கடை திறந்ததும் டேங்கின் அடிக்குழாயைத் திறந்து வடிப்பது தினசரி வேலை; வடிகட்டியை ஊதும் நாளில் அது முதல் வேலை.

கம்ப்ரசரின் உறிஞ்சு வடிகட்டி

பிஸ்டன் கம்ப்ரசரின் தலையில் வட்ட டப்பா ஒன்று இருக்கும். உள்ளே காகிதமோ, ஃபெல்ட்டோ, பஞ்சு ஃபோமோ இருக்கும். ஸ்க்ரூ கம்ப்ரசரில் பெரிய உருளை எலிமெண்ட். இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு அடைப்பு?

இதைக் கண்ணால் பார்த்து முடிவுசெய்ய முடியாது. கறுத்த எலிமெண்ட் இன்னும் நன்றாக மூச்சுவிடலாம். வெளுத்தது எண்ணெய் குடித்து அடைந்திருக்கலாம். அளக்க வேண்டும். வடிகட்டிக்கும் கம்ப்ரசருக்கும் நடுவே உள்ள குழாயில் சின்னத் துளையும் நிப்பிளும் இருந்தால் போதும். தெளிவான பிளாஸ்டிக் குழாயை ‘யு’ வடிவில் வளைத்துப் பலகையில் கட்டி, பாதி வரை சாயத் தண்ணீர் ஊற்றுங்கள். குறைந்தது ஒரு மீட்டர் உயரம் வேண்டும். ஒரு முனையை நிப்பிளில் மாட்டி, இயந்திரம் முழுச் சுமையில் ஓடும்போது இரு பக்கத் தண்ணீர் மட்டங்களின் வித்தியாசத்தை அளவுகோலால் பாருங்கள். புதிய எலிமெண்ட் போட்ட அன்றைய அளவை டப்பாவிலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள். 250 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் 25 மில்லிபார். அத்தனை இழப்பில் கம்ப்ரசர் தரும் காற்று ஏறத்தாழ 2.5 சதவீதம் குறைகிறது. அதற்குமேல் காத்திருப்பதில் லாபமில்லை. பிஸ்டன் கம்ப்ரசரின் உறிஞ்சல் விட்டுவிட்டு வருவதால் தண்ணீர் ஆடும். குழாயை விரலால் சற்றே நெரித்தால் ஆட்டம் அடங்கும்.

மாற்றும் முறை: சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அழுத்தம் குறைந்ததும் தானாகக் கிளம்பும் இயந்திரம் அது. பிளக்கைப் பிடுங்குங்கள், அல்லது ஐசொலேட்டரைப் பூட்டுங்கள். டப்பாவின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். எலிமெண்ட்டை எடுத்ததும் திறந்த வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள். டப்பாவின் உள்ளே இருக்கும் தூசியை ஏர் கன்னால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கேஸ்கெட் உட்காரும் விளிம்பில் பழைய ரப்பர் துணுக்கு ஒட்டியிருந்தால் சுரண்டி எடுங்கள். புதியதை வைத்த பின் விளிம்பு முழுவதும் விரலை ஓட்டிப் பாருங்கள். சிறு பிஸ்டன் கம்ப்ரசரின் காகித எலிமெண்ட் விலை குறைந்த சாமான். அதைக் கழுவி மிச்சப்படுத்துவதில் அர்த்தமே இல்லை.

ஃபோம் என்றால் கதை வேறு. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் பலமுறை அமுக்கி அலசலாம். முறுக்கிப் பிழியக் கூடாது, கிழியும். பெட்ரோலிலோ தின்னரிலோ ஊறவைத்தால் பஞ்சை ஒட்டியிருக்கும் பசை கரையும், தீ ஆபத்தும் உண்டு. நம் ஈரக்காற்றில் முழுவதும் காய ஒரு நாள் ஆகலாம். மாற்று ஃபோம் ஒன்று கைவசம் இருப்பது நல்லது. எண்ணெய் தடவும் வகை என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தால், காய்ந்தபின் சில சொட்டு எண்ணெய் விட்டுப் பரவலாகப் பிசைந்து மாட்டுங்கள்.

லோரி, ஃபோர்க்லிஃப்ட், ஜென்செட்

கனரக டீசல் எஞ்சின்களில் எலிமெண்ட் இரண்டு இருக்கும். வெளியே பெரியது, உள்ளே மெல்லியது. உள் எலிமெண்ட் காவலுக்கு: வெளியே உள்ளது கிழிந்தாலோ, அதை மாற்றும் நேரத்திலோ, எஞ்சினைக் காப்பது அதுதான். அதை ஒருபோதும் ஊதவோ கழுவவோ கூடாது. வெளி எலிமெண்ட்டை மூன்று முறை மாற்றினால் உள்ளதை ஒரு முறை மாற்றுங்கள். உள் எலிமெண்ட்டில் தூசி தெரிந்தால் வெளியேயுள்ளது ஓட்டை, அல்லது சரியாக உட்காரவில்லை.

பெரும்பாலான லோரிகளில் வடிகட்டிக் கூட்டில் அடைப்புக் காட்டி இருக்கும். அது சிவப்பைக் காட்டும் அளவு பொதுவாக 25 அங்குலத் தண்ணீர், அதாவது சுமார் 635 மில்லிமீட்டர். சிவப்பு வராமல் எலிமெண்ட்டைத் தொடாதீர்கள். எஞ்சின் நின்றபின்னும் சிவப்பு அப்படியே நிற்கும். மாற்றியதும் பொத்தானை அழுத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கூட்டின் அடியில் தொங்கும் ரப்பர் வால்வைத் தினம் ஒரு முறை விரலால் பிதுக்கினால் சேர்ந்த தூசி உதிரும். அது கிழிந்து தொங்கும் லோரிகள் துறைமுகத் திடல்களில் ஏராளம். சின்ன ரப்பர்தான், ஆனால் அது போனால் வெளித்தூசி நேராகக் கூட்டுக்குள் இழுக்கப்பட்டு, எலிமெண்ட் சீக்கிரம் அடைந்துவிடும்.

புது எலிமெண்ட் கிடைக்கும்வரை வண்டியை ஓட்டியே ஆக வேண்டிய நிலையில் வெளி எலிமெண்ட்டை ஒரு முறை ஊதலாம். ரெகுலேட்டரைத் திருப்பி அழுத்தத்தை 2 பாருக்கு, அதாவது 30 பிஎஸ்ஐக்கு, கீழே இறக்குங்கள். உள்ளிருந்து வெளியே மட்டும், மடிப்புகளின் நீளவாக்கில், முனையைக் காகிதத்தில் படாமல் சில அங்குலம் தள்ளிப் பிடித்து ஊத வேண்டும். 7 பார் காற்றை அருகில் வைத்து அடித்தால் ஊசித்துளை விழும். ஒரு ஊசித்துளை போதும் அந்த எஞ்சினைக் கெடுக்க. டயரிலோ தரையிலோ அடித்துத் தட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முனைத்தகடு நெளிந்தால் கேஸ்கெட் அடைக்காது. ஊதியபின் இருட்டான மூலையில் உள்ளே ஒரு விளக்கை விட்டுச் சுற்றிப் பாருங்கள். புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் அந்த எலிமெண்ட் குப்பைக்கு. வேலை செய்பவர் கண்ணாடியும் முகக்கவசமும் அணிந்திருக்க வேண்டும்.

போலி வடிகட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அட்டைப்பெட்டி அச்சை இப்போது யார் வேண்டுமானாலும் நகலெடுத்துவிடுகிறார்கள். பெட்டியை நம்பாமல் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து மடிப்புகளை எண்ணுங்கள். மடிப்பு குறைவு என்றால் காகிதப் பரப்பு குறைவு, ஆயுளும் குறைவு. மடிப்புகள் சீரான இடைவெளியில் இருக்கின்றனவா, கேஸ்கெட் அழுத்தினால் மெத்தென்று மீள்கிறதா, பசை முழுச்சுற்றும் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள்.

குழாய்வழி வடிகட்டிகள்

சுவரில் ரெகுலேட்டரோடு சேர்ந்து தொங்கும் கண்ணாடிபோன்ற கிண்ணம் உண்மையில் பாலிகார்பனேட். அதைத் தின்னரிலோ பெட்ரோலிலோ கழுவினால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்து, ஒரு நாள் 7 பார் அழுத்தத்தில் வெடிக்கும். மிதமான சோப்புத் தண்ணீர் மட்டுமே. உலோகக் காப்புறை இல்லாத கிண்ணத்தைப் பட்டறையில் வைத்திருக்கவே கூடாது. திறக்கும் முன் அந்தப் பகுதியின் அழுத்தத்தை முழுவதும் வெளியேற்றுங்கள்.

உள்ளே இருக்கும் வெண்கலத் துகள் எலிமெண்ட்டை மண்ணெண்ணெயில் அலசி, உலர்ந்த காற்றால் உள்ளிருந்து ஊதி மறுபடி பயன்படுத்தலாம். எண்ணெய்த் துளிகளைப் பிரிக்கும் வெள்ளைநார் எலிமெண்ட்டை அப்படிச் செய்ய முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது அழுத்த இழப்பு அரை பாரை நெருங்கும்போது, மாற்ற வேண்டியதுதான். இதைத் தள்ளிப்போட்டு கம்ப்ரசரின் அழுத்தத்தைக் கூட்டிவைப்பது பல கடைகளில் நடக்கிறது. ஒரு பார் கூட்டினால் மின்செலவு சுமார் 7 சதவீதம் ஏறும்.

வெல்டிங் இன்வெர்ட்டரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அதில் பெரும்பாலும் வடிகட்டி கிடையாது. மின்விசிறி இழுக்கும் கிரைண்டர் தூள் நேரே சர்க்யூட் பலகையில் படியும், அது மின்சாரம் கடத்தும். பிளக்கைப் பிடுங்கி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, உலர்ந்த குறைந்த அழுத்தக் காற்றால் ஊதுங்கள். நீங்களாக ஸ்பாஞ்ச் ஒட்டி வடிகட்டி செய்யாதீர்கள், இயந்திரம் சூடேறி எரியும். பிரேக் தூளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரப்படுத்தித் துடையுங்கள்.

ஸ்ப்ரே பூத், மரத்தூள் உறிஞ்சி

ஸ்ப்ரே பூத்தின் கூரை வடிகட்டி காரின் பெயிண்ட்டைக் காக்கிறது. தரை வடிகட்டி வெளியே இருப்பவர்களையும் விசிறியையும் காக்கிறது. அழுக்கு வேகமாகச் சேர்வது தரையில்தான். மேலே சொன்ன தண்ணீர்க் குழாயே இங்கும் பயன்படும்: புதிது போட்ட நாளில் வரும் அளவை எழுதிவைத்து, தயாரிப்பாளர் சொல்லும் எல்லையைத் தொட்டதும் மாற்றுங்கள். தரைக் கண்ணாடிநாரைப் புரட்டிப்போட்டு மறுபடி பயன்படுத்துவது பெயிண்ட் தூளை விசிறிக்குள் அனுப்பும் வேலை.

சுங்கை பூலோ, கிள்ளான் பக்கத்துத் தளவாடப் பட்டறைகளில் மரத்தூள் உறிஞ்சியின் துணிப்பை அடைந்தால் முதலில் தெரிவது ரம்பத்தைச் சுற்றித் தூள் குவிவதுதான். விசிறியை நிறுத்திய பிறகு பையை உலுக்குங்கள். ஏர் கன்னால் அடித்தால் காற்றில் பறக்கும் மரத்தூளுக்கு ஒரு பொறி போதும். மரவேலை உறிஞ்சியில் இரும்பு அரைக்கும் கிரைண்டரை எந்நாளும் இணைக்காதீர்கள்.

சட்டமும் இதில் அக்கறை கொண்டிருக்கிறது. ரசாயன ஆபத்துகளுக்கான 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி, தொழிலாளியைக் காக்கும் இத்தகைய உறிஞ்சு அமைப்புகளை மாதம் ஒருமுறையாவது பார்வையிட வேண்டும்; 12 மாதத்துக்குள் ஒருமுறை தகுதிபெற்ற தொழில்நுட்பர் சோதிக்க வேண்டும். 2024 ஜூன் 1 முதல் 1967-ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் ரத்தாகி, விரிவாக்கப்பட்ட 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சிறு பட்டறைகளையும் தன் கீழ் கொண்டுவந்திருக்கிறது. வடிகட்டி மாற்றிய தேதியும் அளவும் எழுதிய அட்டை இருந்தால் அதிகாரி வரும் நாளில் பதற வேண்டியதில்லை.

கழற்றியதை எங்கே போடுவது? வெறும் தூசி படிந்த காகிதம் சாதாரணக் குப்பை. எண்ணெய் குடித்த எலிமெண்ட்டும் பெயிண்ட் படிந்த நாரும் 2005-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளில் எஸ்டபிள்யூ 410 என்ற வகையைச் சேரும். லேபிள் ஒட்டிய மூடிய தொட்டியில் வைத்து, 180 நாளுக்குள் உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். எண்ணெய் சார்ந்த வார்னிஷ் படிந்த நாரைக் குவியலாக விட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள இரும்புத் தொட்டியில் போடுங்கள். வார்னிஷ் வேலை முடிந்த இரவில், ஆளில்லாத கடையில் பற்றும் தீக்கு இது ஒரு தெரிந்த காரணம்.

கடைசியாக, முகத்தில் மாட்டும் வடிகட்டி. இயந்திரத்துக்கு நேரத்துக்கு ஏர் ஃபில்டர் மாற்றும் பட்டறைகளில்கூடப் பெயிண்ட் அடிக்கும் தம்பி மருத்துவக் கடை முகக்கவசத்தோடு நிற்பதைப் பார்க்கிறோம். அதுவும் என்95-உம் தின்னர் ஆவியைத் தடுக்காது. ஆவிக்குக் கரித்தூள் கார்ட்ரிட்ஜ் வேண்டும், அதன் முன்னால் துகளுக்கான பட்டை வேண்டும். வேலை முடிந்ததும் கார்ட்ரிட்ஜைக் காற்றுப்புகாத பையில் மூடிவைக்காவிட்டால், ஆணியில் தொங்கும் நேரத்திலும் அது காற்றிலுள்ள ஆவியையும் ஈரத்தையும் குடித்துத் தீர்ந்துபோகும். வாசனை வந்தால் மாற்றலாம் என்ற கணக்கு, ஹார்டனர் கலக்கும் டூ-கே பெயிண்ட்டில் செல்லாது. அதிலுள்ள ஐசோசயனேட் ஆபத்தான அளவைத் தாண்டிய பிறகும் மூக்குக்குத் தெரியாது. அது தரும் ஆஸ்துமா ஒருமுறை வந்துவிட்டால், பிறகு சிறிதளவு ஆவிகூட மூச்சை அடைக்கும். ஆகவே கார்ட்ரிட்ஜை நாள்கணக்கில் மாற்றுங்கள். முடிந்தால் குழாய்வழிச் சுத்தக் காற்று தரும் முகக்கவசம் வாங்குங்கள். அந்தக் காற்று மூச்சுக்காற்று வடிகட்டித் தொகுதியைக் கடந்தே வர வேண்டும். அதன் எலிமெண்ட்டுகளை அட்டையில் முதல் வரியாக எழுதுங்கள்.